எந்தத் தோல், எந்தப் பெட்டி?

வேலூரிலிருந்து ஆம்பூர் வரை சாலையின் இரு பக்கமும் இருக்கும் ஷூ கம்பெனிகளில், ஏற்றுமதி அலுவலகத்துக் கணினி ஆட்களைத் தேடி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “இந்தப் பெட்டியில் போன ஜோடிகள் எந்தத் தோலில் வெட்டினது?” கேட்பவர் ஜெர்மனியில் இருக்கும் வாங்குபவராக இருக்கலாம், ஆய்வுக்கு வந்த ஆடிட்டராக இருக்கலாம், சொந்த முதலாளியாகவும் இருக்கலாம். விடை ஒரே இடத்தில் இருக்காது. தோல் பதனிடும் டேனரி அனுப்பிய விவரம் ஒரு ஃபைலில், கட்டிங் ஹாலுக்குத் தோல் கொடுத்த கணக்கு இன்னொன்றில், பேக்கிங் லிஸ்ட் வேறொன்றில், வாங்குபவரின் ஆர்டர் மற்றொன்றில் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்எம்எல் ஃபைல்கள், அதாவது தகவலைப் பெயரிட்ட கட்டங்களுக்குள் அடுக்கி வைக்கும் எழுத்து ஃபைல்கள்.

நான் வேலூரை அடுத்த கணியம்பாடிக்காரன். இந்த ஃபைல்களுக்குள் புகுந்து விடை எடுத்துத் தருவதுதான் இருபது ஆண்டுக்கு மேலாக என் பிழைப்பு. அதற்கு எக்ஸ்குவெரி என்று ஒரு மொழி இருக்கிறது. கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் அதன் இலக்கணத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். இலக்கணம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். என்ன கேட்க வேண்டும் என்பது தொழிலுக்குள் நடந்து திரிந்தால்தான் வரும். நான் பார்த்ததையெல்லாம் வைத்து இதைத்தான் சொல்ல வருகிறேன்.

எக்ஸ்எம்எல்லை நான் முதலில் பார்த்தது தோல் ஊரில் இல்லை, சென்னையில். 1990களின் கடைசியில் சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டு அறிவியல் இதழ்களுக்குப் பக்கம் கட்டித் தரும் நிறுவனங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போனோம். அப்போது நடப்பில் இருந்தது எஸ்ஜிஎம்எல். 1986இல் ஐஎஸ்ஓ தரமாக வந்த அந்த முறை கனமானது. அதைக் கையாளும் மென்பொருள்களும் விலை கூடியவை. அதை இளைத்து, இணையத்துக்குத் தோதாக்கி, டபிள்யூ3சி அமைப்பு 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் 1.0 என்று வெளியிட்டது. ஓரிரு ஆண்டுகளில் எங்கள் மேசைகளில் இருந்த வேலை முழுக்க அதற்கு மாறியது.

எங்கள் பிரிவுத் தலைவர் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கணினி முன் உட்கார விடமாட்டார். அச்செடுத்த ஒரு கட்டுரையும் பென்சிலும் கொடுப்பார். தலைப்புக்கு ஒரு கட்டம், ஆசிரியர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கட்டம், அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒன்று, அதற்குள் பெயர், பணியிடம் என்று கட்டம் போடச் சொல்வார். கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலில்தான் எல்லோருக்கும் வியர்க்கும். ஓர் ஆண்டு எண் வெளியீட்டு ஆண்டா, கட்டுரைத் தலைப்புக்குள் வரும் ஆண்டா என்று படித்துப் பார்த்தால்தான் தெரியும். எழுத்து ஒன்றுதான், எந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது என்பதில்தான் அதன் பொருள். பின்னாளில் நான் எழுதிய எல்லாக் குவெரிகளுக்கும் அடிப்படை அந்தப் பென்சில் வேலை.

1999 நவம்பரில் எக்ஸ்பாத் 1.0 வந்தது. ஊர், தெரு, வீட்டு எண் என்று கடிதத்துக்கு முகவரி எழுதுவது போல, ஃபைலுக்குள் ஒரு தகவல் இருக்கும் இடத்தை வரிசையாகச் சொல்லும் முறை அது. ஒற்றைச் சாய்கோடு போட்டால் நேர் உள்ளே இருப்பது. இரட்டைச் சாய்கோடு போட்டால் எத்தனை ஆழத்தில் இருந்தாலும் தேடும். சதுர அடைப்புக்குள் நிபந்தனை. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அன்று நாங்கள் இதை வைத்து இதழ்களில் விடுபட்ட படங்களையும் எண் மாறிய மேற்கோள்களையும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம்.

குடும்பப் பொறுப்பு காரணமாக ஊர் திரும்பினேன். கணியம்பாடியிலிருந்து வேலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆம்பூருக்கு ஒரு பஸ் என்று ஷூ கம்பெனி வேலைக்குப் போகத் தொடங்கினேன். தோல் ஊர்க்காரர்களுக்கு வெளிநாட்டுக் கேள்வி புதிதில்லை. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போட்டுவந்த பென்டாகுளோரோஃபீனாலை ஜெர்மனி 1989இல் தடை செய்தபோதே இங்குள்ள டேனரிகள் ஆடிப்போயின. 1994இல் சில அசோ சாயங்களுக்கு அங்கே தடைச் சட்டம் வந்தது. அப்போதிருந்தே “இதில் என்ன போட்டீர்கள், எங்கே பதனிட்டீர்கள்?” என்று கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. அப்போதெல்லாம் பதில் ஒரு கடிதத்தில் போகும். டேனரிக்காரர் கையெழுத்துப் போட்ட சான்று ஒன்று இருந்தால் போதும்.

நான் சேர்ந்தபோது அலுவலகத்தில் எல்லாம் அட்டவணைதான். ஃபாக்ஸ்ப்ரோவில் தொடங்கிய கணக்கு, பிறகு எஸ்க்யூஎல்லுக்குப் போயிருந்தது. வாங்குபவர்கள் ஆர்டரை ஃபேக்ஸிலிருந்து மின்னஞ்சலுக்கும், மின்னஞ்சலிலிருந்து எக்ஸ்எம்எல்லுக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆர்டருக்குள் பல ஸ்டைல், ஒரு ஸ்டைலுக்குள் பல நிறம், நிறத்துக்குள் அசார்ட்மெண்ட், அசார்ட்மெண்டுக்குள் சைஸ் வாரியாக ஜோடிகள். இதை எங்கள் ஆட்கள் ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு வரி என்று தட்டையாக்கி எஸ்க்யூஎல்லில் ஏற்றுவார்கள். மொத்த ஜோடி சரியாக வரும். ஆனால் எந்த சைஸ்கள் ஒரே பெட்டியில் சேர்ந்து போக வேண்டும் என்ற விவரம் அந்த இடத்தில் கரைந்துபோகும். பேக்கிங் பிரிவுப் பெண்கள் மறுபடியும் தாளில் எழுதிவைத்துக்கொண்டு பெட்டி போடுவார்கள். ஃபைலில் இருந்த விவரத்தைக் கணினி தொலைக்கும், மனிதர்கள் திருப்பி எழுதுவார்கள். இது வீண் வேலை என்று தோன்றியதால்தான் எக்ஸ்எம்எல்லை எக்ஸ்எம்எல்லாகவே வைத்துக் கேட்கும் மொழியைத் தேடினேன்.

அந்த மொழியின் பின்னணி எனக்குப் பெரிய தெம்பைக் கொடுத்தது. எஸ்க்யூஎல்லை 1970களில் ஐபிஎம்மில் ரேமண்ட் பாய்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய டான் சேம்பர்லின், 2000ஆம் ஆண்டில் ஜோனதன் ராபி, டேனியலா ஃப்ளோரெஸ்கு ஆகியோருடன் குவில்ட் என்ற மொழியை முன்வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் எக்ஸ்குவெரி. அட்டவணைக்கு மொழி செய்தவரே, அட்டவணைக்குள் அடங்காத தரவுக்கு வேறு மொழி வேண்டும் என்று உட்கார்ந்து செய்திருக்கிறார். டபிள்யூ3சி அதை 2007 ஜனவரியில் 1.0 என்று முறையாக வெளியிட்டது. அதற்கு முன்பே வரைவு நிலையில் இருந்ததை வைத்துப் பலர் பழகிக்கொண்டிருந்தார்கள். எஸ்க்யூஎல் சர்வர் 2005லேயே அதில் ஒரு பகுதி வந்திருந்தது.

கம்பெனியில் இதற்கென்று காசு ஒதுக்கமாட்டார்கள். மைக்கேல் கே எழுதிய சாக்ஸன், ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் க்ரூன் தொடங்கிய பேஸ்எக்ஸ் இரண்டும் இலவசமாகக் கிடைத்தன. பேஸ்எக்ஸில் ஃபைலை ஏற்றி மேலே குவெரி எழுதினால் கீழே உடனே விடை வரும். கற்றுக்கொள்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எக்ஸ்குவெரியின் உடம்பு ஐந்து சொற்களில் இருக்கிறது: ஃபார், லெட், வேர், ஆர்டர் பை, ரிட்டர்ன். ஒவ்வொன்றாக எடு, இடையில் கணக்குப் போட்டு வை, வேண்டாததைத் தள்ளு, வரிசைப்படுத்து, வேண்டிய வடிவில் கொடு. எஸ்க்யூஎல் தெரிந்தவர்கள் இதை ஒரு நாளில் வாசித்துவிடுவார்கள். குழுவாகச் சேர்க்கும் க்ரூப் பை மட்டும் முதலில் கிடையாது. 2014இல் வந்த 3.0இல்தான் சேர்ந்தது. அதுவரை டேனரி வாரியாகக் கூட்டுத்தொகை எடுக்க, முதலில் டேனரிப் பெயர்களை ஒருமுறை பிரித்தெடுத்து, பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஃபைல் முழுக்கத் தேட வேண்டியிருந்தது. 3.0 வந்த பிறகு அந்த நீளமான குவெரிகள் நாலைந்து வரிக்குச் சுருங்கின.

இலக்கணம் வந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் ஷூப் பெட்டி இதை நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

ஒரு பெட்டிக்குள் 39 முதல் 44 வரை கலந்த சைஸ்கள் இருக்கின்றன. “42 இல்லாத பெட்டிகள் எவை?” என்று கேட்க வேண்டும். பத்தில் ஒன்பது பேர் //பெட்டி[சைஸ் != 42] என்று எழுதுவார்கள். கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியும் விடையில் வந்து நிற்கும். ஏனென்றால் எக்ஸ்பாத்தில் ஒரு பக்கம் பல மதிப்புகள் இருந்தால், அவற்றில் ஒன்று பொருந்தினாலே நிபந்தனை உண்மையாகிவிடும். பெட்டிக்குள் ஒரு 41 இருந்தாலே “42க்குச் சமமில்லாத சைஸ்” இருக்கிறது என்று அது சொல்லும். சரியான கேள்வி வேறு: 42க்குச் சமமான சைஸ் இருக்கிறதா என்று கேட்டு, அந்த விடையை வெளியிலிருந்து ‘நாட்’ போட்டு மறுக்க வேண்டும். எழுத்தில் சிறிய வித்தியாசம். கப்பலுக்குப் போகும் சரக்கில் அது ஒரு கண்டெய்னர் வித்தியாசம்.

இன்னொன்று வரிசை. இங்கிலாந்து சைஸில் 6 முதல் 11 வரை ஆர்டர் வந்திருக்கும். வகை சொல்லாத ஃபைலில் எண்கூட எழுத்துதான். அப்படியே வரிசைப்படுத்தினால் 10, 11, 6, 7, 8, 9 என்று வரும். எண்ணாக மாற்றிவிட்டுத்தான் வரிசைப்படுத்த வேண்டும்.

மூன்றாவது நேம்ஸ்பேஸ். ஃபைலின் தலையில், இந்தப் பெயர்களெல்லாம் இன்னாருடைய சொற்பட்டியலைச் சேர்ந்தவை என்று ஓர் இணைய முகவரி மாதிரி எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் வெறும் பெயரைப் போட்டுக் கேட்டால் விடை காலியாக வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. கண்ணெதிரே ஃபைலில் ஆர்டர் இருக்கும். குவெரி ஒன்றுமில்லை என்று சொல்லும். குவெரியின் தலையிலும் அதே நேம்ஸ்பேஸை அறிவித்துவிட்டால் எல்லாம் வந்துவிடும். இதிலிருந்து நான் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினேன். காலி விடை வந்தால் அதை நம்பாதே. மொத்தம் எத்தனை பெட்டி என்று முதலில் எண்ணு. அந்த எண் பேக்கிங் பிரிவு சொல்லும் எண்ணோடு ஒத்துப்போன பிறகு மற்றதைக் கேள்.

கணக்குப் பிரிவு ஃபைல்கள் வேறு பாடம் நடத்தின. ஊரெல்லாம் பயன்படுத்தும் ஒரு கணக்கு மென்பொருள் எக்ஸ்எம்எல் கொடுக்கும். ஆனால் அதில் நான்காம் எண் கட்டுப்பாட்டு எழுத்து நடுநடுவே வரும். எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி 32க்குக் கீழே உள்ள எழுத்துகளில் டேபும் இரண்டு வரிமுறிவு எழுத்துகளும் மட்டும்தான் அனுமதி. மற்ற எது இருந்தாலும் ஃபைலைப் படிக்கும் மென்பொருள் முதல் அடியிலேயே நின்றுவிடும். ஆகவே குவெரிக்கு முன்னால் ஃபைலை வெறும் எழுத்தாகத் திறந்து அந்த எழுத்துகளைக் களைய வேண்டும். தேதிகளும் 20120401 என்று ஒட்டியிருக்கும். எக்ஸ்குவெரி தேதியாக ஏற்க 2012-04-01 என்று கோடு வேண்டும். பற்று வரவில் கழித்தல் குறி எதற்கு வருகிறது என்பது கணக்கரோடு உட்கார்ந்து ஒரு வவுச்சரைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் தெளியும். கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டு இருந்த ஓர் அம்மா எனக்கு அதைச் சொல்லித் தந்தார். எந்தக் கையேட்டிலும் அவ்வளவு தெளிவாக இல்லை.

அதே காலத்தில் கம்பெனி விவகாரத்துறை அமைச்சகம் 2010-11 நிதியாண்டுக் கணக்கிலிருந்து எக்ஸ்பிஆர்எல் கட்டாயம் என்றது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களும், செலுத்தப்பட்ட மூலதனம் 5 கோடி அல்லது விற்றுமுதல் 100 கோடி ரூபாய் எட்டியவையும் ஆண்டுக் கணக்கை அந்த வடிவில் கொடுக்க வேண்டும். எக்ஸ்பிஆர்எல்லும் எக்ஸ்எம்எல்தான். ஆனால் அதில் ஆழம் குறைவு. ஒவ்வொரு தொகையும் தனியாக நிற்கும். அது எந்த ஆண்டுக்குரியது என்பதை வேறோர் இடத்தில் எழுதி, அடையாள எண்ணால் கோத்திருப்பார்கள். விற்பனை எவ்வளவு என்று நேராகக் கேட்டால் இந்த ஆண்டும் போன ஆண்டும் சேர்ந்து வரும். தொகையையும் காலத்தையும் இணைத்துத்தான் கேட்க வேண்டும். மரமாக விரியும் ஃபைல் என்று பழகிய பிள்ளைகள் இங்கே எஸ்க்யூஎல் மாதிரி இணைக்கக் கற்றுக்கொண்டார்கள். யாரோ நமக்காக ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய காரணம் புரிந்தால்தான் கேள்வி சரியாக விழும்.

என் அனுபவத்தில் இந்த மொழியின் அருமை முழுதாகத் தெரிந்தது குரோமியம் ஆறு பிரச்சினையில்தான். இங்கே பெரும்பாலான தோல் குரோம் உப்பில் பதனிடப்படுவது. அதில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். அது பெரிதாகக் கெடுதல் செய்வதில்லை. சில சூழலில் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆறு இணைதிறனாக மாறும். அது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் ரீச் என்ற தன் வேதிப்பொருள் விதிகளின் கீழ், உடம்பில் படும் தோல் பொருள்களில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ அது இருக்கக்கூடாது என்று 2015 மே 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அதற்கு ஓர் ஆண்டு முன்பிருந்தே வாங்குபவர்கள் லாட் வாரியாக, அதாவது சேர்ந்து பதனிட்ட ஒவ்வொரு தோல் தொகுதிக்கும், சோதனை அறிக்கை கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு நாள் ஒரு சோதனை அறிக்கையில் எல்லையை ஒட்டி ஓர் எண் வந்தது. அந்த லாட் தோல் எந்தெந்தப் பெட்டிகளில் போயிருக்கிறது என்று மாலைக்குள் சொல்ல வேண்டும். நான்கு ஃபைல்களையும் பேஸ்எக்ஸில் ஏற்றினேன். டேனரியில் லாட்டை ‘ஏ-412’ என்று எழுதியிருந்தார்கள். ஸ்டோரில் ‘ஏ412’. கட்டிங் ஹாலில் ‘412/ஏ’. இது பெரிய சிக்கலில்லை. எழுத்தையும் எண்ணையும் பிரித்து ஒரே முறையில் கோத்து ஒப்பிட ஒரு சின்னச் சார்பு எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும். சிக்கல் எங்கே என்றால், ஒரு வாரக் கட்டிங் கணக்கில் லாட் எண்ணே இல்லை. தேதி, நிறம், சதுர அடி மட்டும் இருந்தது. எழுதாததை எந்தக் குவெரியும் எடுத்துத் தராது.

கட்டிங் சூப்பர்வைசரிடம் போனேன். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சிறு வயதிலேயே தோல் ஷாப்பில் நின்றவர். தேதியைச் சொன்னதும் யோசித்தார். “அந்த வாரம் கறுப்பு ஆட்டுத்தோல் ரெண்டு எடத்துல இருந்துதான் வந்துச்சு தம்பி. ஒன்னு மில்லிங் பண்ணது, கிரெய்ன் தெரியும். இன்னொன்னு ப்ளெய்ன். நீ லாட்டைத் தேடாத, ஸ்டைலைப் பாரு. எந்த ஸ்டைலுக்கு எதுன்னு ஸ்பெக் ஷீட்ல இருக்குதே” என்றார்.

ஸ்பெக் ஷீட்டும் வாங்குபவர் அனுப்பிய எக்ஸ்எம்எல்தான். நான் அதைத் தொடவே நினைத்திருக்கவில்லை. ஸ்டைலிலிருந்து தோல் வகைக்கும், தோல் வகையிலிருந்து டேனரிக்கும், தேதியை வைத்து லாட்டுக்கும் குவெரியை மாற்றி எழுதினேன். பெட்டி எண்கள் வந்துவிட்டன. நான் பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பாய் மறுபடி கூப்பிட்டார். “அப்பர் மட்டும் பாத்தியா? லைனிங்கும் பாத்துடு. கால்ல படுறது லைனிங்தான?” என்றார்.

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை வகுப்புகளில் சொல்கிறேன். சட்டம் பேசுவது உடம்பில் படும் தோலைப் பற்றி. ஷூவுக்கு வெளியே தெரிவது அப்பர். காலோடு நாளெல்லாம் உரசுவது லைனிங்கும், உள்ளங்காலுக்குக் கீழே ஒட்டும் ‘சாக்’ என்ற பகுதியும். என் குவெரியில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வியை முழுமையாக்கியது கணினியைத் தொட்டுப் பார்க்காத ஒருவருடைய தொழில் அறிவு. அதன் பிறகு லைனிங் தோலுக்கும் லாட் அட்டை போட ஏற்பாடு செய்தோம். தோல் இறங்கும் இடத்திலேயே பார்கோடு ஒட்டி, கட்டிங்கிலும் பேக்கிங்கிலும் அதையே ஸ்கேன் செய்தால், யாரும் எண்ணைக் கையால் எழுத வேண்டியதில்லை. குவெரியைச் சீர்செய்வதைவிடப் பதிவைச் சீர்செய்வது பெரிய வேலை. பலனும் அதில்தான் அதிகம்.

ஊரே மாறும்போது தரவும் மாறும் என்பதை 2019இல் பார்த்தோம். வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. சப்ளையர் ஃபைலில் புதிதாகப் பதிந்தவை புதிய மாவட்டப் பெயரோடும், பழையவை வேலூர் என்றும் கிடந்தன. மாவட்டத்தை வைத்துக் கேட்டுவந்த அறிக்கைகளில் டேனரிகள் திடீரென்று குறைந்தது போலத் தெரிந்தது. ஒரு டேனரியும் மூடவில்லை. அன்றிலிருந்து இடத்தைக் கேட்பதென்றால் மாவட்டத்தை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை வைத்துத்தான் கேட்கிறோம்.

தமிழில் இருக்கும் தரவுக்குத் தனிக் கவனம் வேண்டும். தொழிலாளர் பெயர்ப் பட்டியலைத் தமிழில் வைத்திருந்த ஒரு கம்பெனியில் ‘கோமதி’ என்று தேடினால் பாதிப் பேர்தான் கிடைத்தார்கள். திரையில் எல்லாக் கோமதியும் ஒன்றுபோலத்தான் இருந்தார்கள். யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே எழுத்தாக வைக்கலாம். இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு எழுத்தாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. எக்ஸ்பாத் 2.0இலேயே இதைச் சரிசெய்யும் ஒரு சார்பு இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் அதற்குள் போட்டு ஒரே வடிவாக்கிவிட்டு ஒப்பிட்டால் எல்லாக் கோமதியும் வந்துவிடுவார்கள். சம்பளப் பட்டியலிலோ வருங்கால வைப்பு நிதிப் பட்டியலிலோ ஒரு பெண்ணின் பெயர் விடுபடக் கூடாது. இந்தத் தொழிலில் ஷூ தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஊர் ஊராக ஏறி வருகிறவர்கள். அவர்கள் கணக்கில் நாம் காட்டும் கவனம் தொழில்நுட்ப விஷயம் மட்டும் இல்லை.

கட்டங்களின் பெயரையே, அதாவது டேக் பெயரையே, தமிழில் வைக்கலாம் என்றால் பலர் நம்புவதில்லை. எக்ஸ்எம்எல் முதல் பதிப்பிலிருந்தே தமிழ் எழுத்தை அனுமதிக்கிறது. பெட்டி, சைஸ், லாட் என்று தமிழில் டேக் வைத்துத்தான் நான் பாடம் நடத்துகிறேன். மேலே எழுதிய பெட்டிக் கேள்வி கணினியில் அப்படியே ஓடும். வேற்று மொழிப் பெயரின் மிரட்டல் இல்லாததால் பிள்ளைகளுக்கு மரத்தின் அமைப்பு சீக்கிரம் பிடிபடுகிறது.

எங்கள் ஊரில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கு படிக்கும் பிள்ளைகளும், வேலை தேடும் பிள்ளைகளும் விடுமுறை நாள்களில் இதைக் கற்க என் வீட்டுக்கு வருவார்கள். ஷூ கம்பெனி ஃபைலை வெளியே கொடுக்க முடியாது. அதனால் யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தளத்திலிருந்து கணியம்பாடியைச் சுற்றிய பகுதியை இறக்கித் தருகிறேன். அதுவும் எக்ஸ்எம்எல்தான்: புள்ளிகள், அவற்றைக் கோத்த கோடுகள், ஒவ்வொன்றுக்கும் குறிப்புகள். “நம் பக்கத்து ஏரிகளில் பெயர் எழுதாதவை எவை?” என்பது முதல் கேள்வி. இதற்கு அந்த ‘நாட்’ வேண்டும். விடையைப் பார்த்ததும் பிள்ளைகள் தாங்களே பெயர் சொல்லத் தொடங்குவார்கள். பிறகு ஒருவர் கேட்பார்: “எங்க ஊர் ஏரி லிஸ்ட்லயே வரலியே சார்?” வரைபடத்தில் யாரும் வரையாத ஏரி விடையில் வராது. காலி விடையை நம்பாதே என்று நான் எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, சொந்த ஊர் ஏரி விடுபட்டால் ஏறிவிடுகிறது. பெயரையும் ஏரியையும் அவர்களே அந்த வரைபடத்தில் சேர்க்கிறார்கள்.

ஊரை அறிந்தவர்கள் பதிவதில் கணியம்பாடி ஒன்றியத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமுதாய நலப் பிரிவு பல பத்தாண்டுகளாக எங்கள் ஒன்றியத்துக் கிராமங்களில் பிறப்பு, இறப்பு, கர்ப்பம் என்று வீடு வீடாகப் பதிவு செய்து வருகிறது. அந்தக் கிராமத்துப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாக இருந்து தகவல் சொல்ல, செவிலியர் சரிபார்த்து எழுதுவார்கள். எத்தனையோ மருத்துவ ஆய்வுகளுக்கு ஆதாரமாக நிற்பது அந்தப் பதிவுதான். எந்த வீட்டில் யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், தலைப்பிரசவத்துக்கு எந்தப் பெண் தாய்வீடு வந்திருக்கிறாள் என்று தெரிந்தவர் பதிவதால்தான் அது நம்பத் தகுந்ததாக இருக்கிறது.

ஃபைல் வடிவங்களில் இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. ஜிஎஸ்டி மின் விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கி, படிப்படியாக 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. அது எக்ஸ்எம்எல் இல்லை, ஜேசன் என்ற வேறு வடிவம். வருமான வரிக் கணக்குத் தாக்கலும் 2021இல் எக்ஸ்எம்எல்லிலிருந்து ஜேசனுக்கு மாறியது. “எக்ஸ்குவெரி படித்து வீணா?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 2017இல் வந்த எக்ஸ்குவெரி 3.1 ஜேசனையும் படிக்கும். ஜிஎஸ்டி ஃபைலையும் பேக்கிங் லிஸ்ட்டையும் ஒரே குவெரியில் ஒப்பிட்டு, விலைப்பட்டியல் போடாத பெட்டி எது என்று நான் இப்போதும் எடுத்துத் தருகிறேன். எக்ஸ்எம்எல்லும் எங்கும் போய்விடவில்லை. இதழ்ப் பதிப்பு பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது. அலுவலகத்தில் தினமும் திறக்கும் எக்செல் ஃபைலின் பெயரில் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பவை எக்ஸ்எம்எல் ஃபைல்கள்.

குவெரியை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. நானும் பயன்படுத்துகிறேன். இலக்கணம் தடுக்கி விழும் நேரத்தை அவை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் 42 இல்லாத பெட்டி என்று நாம் சொன்னதைக் கருவி எப்படி எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். லைனிங்கையும் பார் என்று அதனிடம் சொல்ல நமக்கு முதலில் தோன்ற வேண்டும்.

இதைக் கற்க வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் ஃபைலை அச்செடுத்துப் பென்சிலால் கட்டம் போடு. எக்ஸ்பாத்தை நன்றாகப் பழகு. எக்ஸ்குவெரி அதன் மேல் தானாக நிற்கும். நேம்ஸ்பேஸைப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதாதே. விடையை எண்ணிப் பார். எண்ணைத் தொழில் செய்பவரிடம் காட்டி ஒத்துப்பார். வாரத்தில் ஒரு நாளாவது கட்டிங் ஹாலிலோ ஸ்டோரிலோ நில். தோலைத் தொட்டுப் பார், லாட் அட்டையை யார் எப்போது எழுதுகிறார் என்று பார். வாங்குபவரின் கேள்வி நம் ஊருக்கு எப்போதும் கடல் தாண்டித்தான் வந்திருக்கிறது; நாம் பதில் சொல்லும் இடத்திலேயே நின்றிருக்கிறோம். தோலையும் தரவையும் சேர்த்துத் தெரிந்தவர்கள் நம்மிடையே பெருகினால், அந்தக் கேள்விகளை வாங்குபவருக்கு முன்னால் நாமே கேட்டு, சரக்கு கிளம்பும் முன்பே விடையும் தெரிந்து வைத்திருப்போம். அதற்கு வேண்டிய கருவி இலவசமாகக் கிடைக்கிறது. தொழில் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.